மண்ணீரலில் நீர்க்கட்டி

ஆட்டிறைச்சிக் கடையில் 'சுவரொட்டி' என்று கேட்டு வாங்கி, இரத்தக் குறைவுடையோருக்குச் சுட்டும் வதக்கியும் கொடுக்கின்ற வழக்கம் நம் இல்லங்களில் நெடுநாளாக உண்டு. ஈரலும் மண்ணீரலும் உண்ண ஆகுமானவை என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அனுமதித்திருப்பதையும் நாம் அறிவோம். ஆயினும் அதே உறுப்பு நம் உடலிலும் உண்டென்பதை, 'மண்ணீரலில் நீர்க்கட்டி' என்று எழுதிய ஸ்கேன் தாள் கைக்கு வந்த பிறகே பலரும் எண்ணிப் பார்க்கின்றனர்.

'கட்டி' என்னும் சொல்லே வீட்டாரைக் கலங்க வைத்துவிடுகின்றது. அன்பர்களே! மண்ணீரல் நீர்க்கட்டிகளில் பெரும்பாலானவை புற்று அல்ல. இடப்புற விலா எலும்புகளின் அடியில், கைமுட்டி அளவில் அமைந்திருக்கும் மண்ணீரல், முதிர்ந்த சிவப்பணுக்களை வடிகட்டுகின்றது. சில கிருமிகளை எதிர்த்தும் நிற்கின்றது. அதில் தோன்றும் நீர்க்கட்டி பிறவியிலேயே அமைந்ததாக இருக்கலாம். என்றோ விழுந்து அடிபட்டபோது உள்ளே கசிந்த இரத்தம் நீராகித் தங்கியதாகவும் இருக்கலாம்.

மூன்றாவது வகை, நாயின் குடலில் வாழும் சிறு நாடாப்புழுவால் வருவது. தமிழகத்திலும் ஆந்திரத்திலும் இது புதிதன்று. நாயின் மலத்தோடு வெளியேறும் முட்டைகள் புல்லிலும் கீரையிலும் குழந்தைகளின் கைகளிலும் ஒட்டுகின்றன. அவற்றை விழுங்கிய ஆட்டின் ஈரலிலும் நுரையீரலிலும் நீர்ப்பைகள் வளர்கின்றன. அந்த ஈரலைத் தின்ற நாய்க்குப் புழு திரும்பவும் சேர்கின்றது. இறைச்சி உண்பதால் மனிதனுக்கு இந்நோய் வருவதில்லை. முட்டையை விழுங்குவதாலேயே வருகின்றது. எனவே குர்பானி நாளில், நீர்ப்பை தென்படும் உறுப்பைத் தெருநாய்க்கு எறியாமல் ஆழப் புதைத்துவிட வேண்டும். (அறுக்கின்றவரிடம் இதைச் சொன்னால், எத்தனையோ ஆண்டுகளாக எறிந்துதானே வருகின்றோம் என்பார். புழுவும் அத்தனை ஆண்டுகளாகத்தான் வாழ்ந்து வருகின்றது.)

சிறிய, தொல்லை தராத கட்டியோடு பலர் ஆயுள் முழுதும் வாழ்கின்றனர். குறித்த கால இடைவெளியில் ஸ்கேன் எடுத்து அளவைப் பார்த்து வந்தால் போதும். சற்றே உண்டதும் வயிறு நிறைவது, இடப்புற மேல்வயிற்றில் பாரம், சிலவேளை இடத்தோளில் வலி ஆகியவை கட்டி பெரிதாவதற்கான குறிகளாக இருக்கலாம். வயிற்றில் அடிபட்டுத் திடீரென்று கடும் வலியோ மயக்கமோ வந்தால், மறுநாள்வரை பொறுத்திருக்கலாகாது.

அடுத்தது மருத்துவரிடம் பேசுவது. மண்டகப்பட்டிலிருந்தோ செஞ்சிக் கோட்டையடியிலிருந்தோ பேருந்து மாறி, முண்டியம்பாக்கத்திலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ சென்று, வரிசையில் நின்று, உள்ளே நுழைந்தால் கிடைப்பது சில நிமிடங்களே. அதற்குள் கேட்கவேண்டியவற்றை இரவே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பழைய ஸ்கேன் தாள்கள் அனைத்தும் உடன் வரட்டும். கட்டி வளர்ந்ததா என்பதை அவையே சொல்லும்.

இது எந்த வகைக் கட்டி? நாய்ப்புழுக் கட்டி இல்லையென்று இரத்தச் சோதனையாலும் ஸ்கேனாலும் பார்த்தாயிற்றா? இதை முதலில் கேளுங்கள். அவ்வகைக் கட்டியில் முன்னேற்பாடின்றி ஊசி குத்தினால், கசியும் நீரால் உயிருக்கே ஆபத்து நேரக்கூடும். மற்ற வகைகளிலும் நீரை உறிஞ்சி எடுப்பது மட்டும் போதுமானதாவதில்லை. மீண்டும் நிறைவதே பெரும்பாலும் நிகழ்கின்றது. 5 சென்டிமீட்டரைத் தாண்டினால் அறுவை என்பது நெடுங்காலக் கணக்கு. அளவை மட்டும் கொண்டு முடிவு செய்யலாகாது என்போரும் இன்று உண்டு. ஆகவே, பொறுத்திருந்தால் என்ன நேரும் என்றும், கட்டியை மட்டும் நீக்கி மண்ணீரலைக் காக்க இயலுமா என்றும் கேட்பது உங்கள் உரிமை. அதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருப்பின், இவ்வறுவை அதில் அடங்குமா என்பதையும் அங்கேயே கேட்டுவிடுங்கள்.

ஒப்புதல் தாளில் நம் பெண்களுக்காகக் கணவரோ அத்தாவோ கையெழுத்திட்டுவிடுவது வழக்கம். டில்லியில் சோதனைக்காக மயக்கமருந்து பெற்ற ஒரு பெண்ணின் கருப்பை, தாயாரின் ஒப்புதலை மட்டும் பெற்று அகற்றப்பட்டது. அறிவும் வயதும் உள்ளவரின் உடலுக்கு அவரே ஒப்புதல் தரவேண்டும், சோதனைக்குத் தந்த ஒப்புதல் அறுவைக்கு ஆகாது என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே தாளில் 'கட்டியை நீக்க' என்றிருக்கின்றதா, 'மண்ணீரலை நீக்க' என்றிருக்கின்றதா என்று நோயாளியே படித்தறிய வேண்டும். படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். மருத்துவப் பதிவேடுகளைக் கேட்டால் 72 மணி நேரத்தில் தரவேண்டும் என்பது இந்திய மருத்துவக் குழுமம் 2002-இல் வகுத்த நெறி. வேறொரு மருத்துவரின் கருத்தை நாட அவை உதவும்.

மண்ணீரல் முழுவதையும் எடுக்க நேர்ந்தாலும் மனிதன் வாழ்கின்றான். ஆனால் சில கிருமிகள் அவனை விரைந்து வீழ்த்தக்கூடும். ஆதலால் நாள் குறித்துச் செய்யும் அறுவைக்கு இரு வாரங்கள் முன்பாவது நிமோனியா, மூளைக்காய்ச்சல் ஆகியவற்றுக்கான தடுப்பூசிகள் இடப்பட வேண்டும். ஹஜ்ஜுக்குச் செல்வோர் போட்டுக்கொள்ளும் மூளைக்காய்ச்சல் ஊசியும் அவ்வகையைச் சேர்ந்ததே. மண்ணீரல் இல்லையென்று எழுதிய சீட்டு எப்போதும் சட்டைப்பையிலோ கைப்பையிலோ இருக்கட்டும். இத்தகையோருக்குக் குளிர்காய்ச்சல் கண்டால் அது ரமலான் பகலாயினும், நோன்பு திறக்கும் நேரம் வரட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். விடுபட்ட நோன்பை நலம் பெற்றபின் நோற்க மார்க்கத்தில் இடமுண்டு.