கூதிர்காலத்துக்கு ஒரு கைப்பின்னல் சட்டை

மேலைநாட்டுப் பின்னற்கலைப் புத்தகங்களில் ‘இலையுதிர்காலப் புல்லோவர்’ என்றொரு பகுதி தவறாமல் இருக்கும். வாலிகண்டபுரத்தில் அத்தகைய காலம் ஏது? நமக்குரியது கூதிர், ஐப்பசியும் கார்த்திகையும். மழை ஓய்ந்த இரவில் வாடைக்காற்று எலும்பைத் தொடும். மறுநாள் நண்பகலில் வியர்வை வழியும். அதன்பின் மார்கழியும் தையும் முன்பனிக்காலம். ஆகவே அப்புத்தகங்களில் உள்ள தடித்த கம்பளிச் சட்டையை அப்படியே பின்னினால் அது பெரும்பாலும் பெட்டிக்குள்ளேயே கிடக்கும். நோயுற்ற ஒருவருக்காகப் பின்னும்போது அதனினும் முதன்மையான கேள்வி ஒன்றுண்டு. அவர் அதை எவ்வாறு அணிவார், எவ்வாறு கழற்றுவார்?

இக்கேள்வியை நான் கேட்கத் தவறினேன். என் தந்தையாருக்குப் புரட்டாசி மாதத் தொடக்கத்தில் இதய அறுவை சிகிச்சை நடந்தது. கட்டிலருகே அமர்ந்திருந்த நாள்களில் கடையில் கிடைத்த நீலநிற ‘உல்லன்’ நூலில், தலைவழியாக அணியும் ஸ்வெட்டர் ஒன்றைப் பின்னி முடித்தேன். வீடு திரும்பும் நாளில் அணிவிக்க முயன்றபோதுதான் உண்மை விளங்கியது. மார்பெலும்பைப் பிளந்து செய்யும் அறுவைக்குப்பின் அது கூடிவரப் பல வாரங்கள் ஆகும்; அதுவரை இரு கைகளையும் தலைக்குமேல் தூக்கி ஆடை அணிவது வலி தரும், தகாததும் ஆகும். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

அந்த ‘உல்லன்’ நூலும் உண்மையில் கம்பளி அன்று. நம் ஊர்க் கடைகளில் அப்பெயரில் விற்பவற்றுள் பெரும்பகுதி அக்ரிலிக் என்னும் செயற்கை இழை. அதைக் குறைசொல்ல வேண்டியதில்லை. விலை குறைவு, எடை குறைவு, அடிக்கடி துவைக்கலாம். ஆனால் வியர்வையை உறிஞ்சாது. நெருப்புப் பட்டால் உருகித் தோலில் ஒட்டும். அடுப்படியில் நிற்பவருக்கு இதை நான் பின்னிக் கொடுக்கமாட்டேன். இனம் காண எளிய வழி உண்டு. சிறு துண்டு நூலை இடுக்கியால் பிடித்து வீட்டுக்கு வெளியே கொளுத்திப் பாருங்கள் (பிராணவாயு பயன்படுத்தும் இடத்தின் அருகே ஒருபோதும் கூடாது). கம்பளி தலைமுடி கருகும் நாற்றத்துடன் எரிந்து பொடியாகும். பருத்தி காகிதம்போல் எரிந்து மெல்லிய சாம்பலாகும். அக்ரிலிக் உருகிக் கெட்டியான மணியாக நிற்கும்.

தூய கம்பளி தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சிய பின்னும் நனைந்ததுபோல் தோன்றாது. எனினும் தோலுக்கு எல்லாக் கம்பளியும் ஒத்துவராது. இழையின் குறுக்களவு ஏறத்தாழ 30 மைக்ரானைத் தாண்டினால் குத்தும், அரிக்கும். மெரினோ கம்பளி அதனினும் மெல்லியது, விலையும் அதற்கேற்ப. மேலும், கம்பளியை வெந்நீரில் கசக்கித் துவைத்தால் சுருங்கித் தடித்துவிடும். பழைய நிலைக்கு மீட்க இயலாது. நோயாளியின் உடையைத் துவைக்கப்போவது யார், எந்த நீரில் என்பதையும் எண்ணியே நூல் வாங்க வேண்டும்.

பெரம்பலூர் மாவட்டத்துக் கரிசல் மண்ணில் பருத்தி விளைவதை நாம் அறிவோம். நம் குளிருக்குப் பருத்தி நூலே பெரும்பாலும் போதும். மருந்துகளால் தோல் வறண்டு மென்மையாகிவிட்டவர்களுக்கும் அதுவே இதம். குறைகளும் உண்டு. கனமானது, மெல்ல உலரும், நனைந்தபடி கொடியில் தொங்கவிட்டால் முழங்கால்வரை நீண்டுவிடும். பாயில் பரப்பி உலர்த்துங்கள்.

இனி அமைப்பு. திருப்பூர்ப் பனியனை உற்றுநோக்கினால் வேட்டியில் உள்ளதுபோல் ஊடும் பாவும் தெரியா. கண்ணிக்குள் கண்ணியாக நூல் கோத்துச் செல்லும். கைப்பின்னலும் அதுவே. அதனால்தான் இழுத்தால் நெகிழ்ந்து கொடுக்கிறது. இந்நெகிழ்வை நம்பிக் கழுத்தையும் கையையும் இறுக்கமாகப் பின்னிவிடக் கூடாது. மார்பிலோ தோளிலோ அறுவை செய்துகொண்டவருக்கு முன்புறம் முழுதும் திறக்கும் அமைப்பே ஏற்றது. பட்டன்கள் பெரியனவாக இருக்கட்டும். நடுங்கும் விரல்களுக்கும் எட்ட வேண்டும்.

டயாலிசிஸ் செய்துகொள்வோரைத் தனியே குறிப்பிட வேண்டும். இரத்தம் உடலுக்கு வெளியே சென்று திரும்புவதால், ஏறக்குறைய நான்கு மணி நேரம் நீளும் அச்சிகிச்சையின்போது பலருக்குக் குளிர் எடுக்கும். விடியுமுன் பேருந்து ஏறி வருவோருக்கு வழியிலும் குளிர்தான். ஆனால் ஃபிஸ்டுலா உள்ள கையை எவ்வகையிலும் இறுக்கலாகாது. ஊசி ஏற்றிய இடம் செவிலியர் கண்ணில் படும்படியும் இருக்க வேண்டும். அந்தக் கைப்பகுதியை மட்டும் தளர்வாகப் பின்னி, தோள்முதல் மணிக்கட்டுவரை பட்டனால் திறக்குமாறு அமைத்தால் சட்டையைக் கழற்றாமலே சிகிச்சை நடக்கும். மார்பகப் புற்றுநோய் அறுவையில் அக்குள் நிணநீர்க் கணுக்களை நீக்கியவர்களுக்கும் அப்பக்கக் கை வீங்கக்கூடும் என்பதால் இறுகிய விளிம்பு வேண்டா.

பச்சிளங்குழந்தைக்குப் பூ வேலைப்பாட்டுத் துளைகள் அழகுதான். ஆயினும் சின்னஞ்சிறு விரல் அவற்றில் சிக்கும். நெருக்கமான எளிய பின்னலே நன்று. கழுத்தில் நாடா கூடாது. உள்ளே தொங்கும் நூல்முனைகளைத் தைத்து மறைத்துவிடுங்கள். காய்ச்சலில் கொதிக்கும் குழந்தையை ஸ்வெட்டருக்குமேல் ஸ்வெட்டராகப் போர்த்திக் கொண்டுவரும் வழக்கமும் நம்மிடம் உண்டு. போர்த்தப் போர்த்த உடல்சூடு வெளியேற வழியில்லாமல் போகும். அன்றைக்கு மெல்லிய பருத்தி ஆடை ஒன்றே போதும்.

அளவைப் பற்றி ஒரு கணக்கு. 10 செ.மீ. அகலத்துக்கு 22 கண்ணிகள் என்று குறிப்பு சொல்வதாகக் கொள்வோம். 100 செ.மீ. சுற்றளவுக்கு 220 கண்ணிகள். உங்கள் கை சற்றுத் தளர்ந்து 20 கண்ணிகளே விழுந்தால் அதே சட்டை 110 செ.மீ. ஆகிவிடும். ஆகவே முதலில் உள்ளங்கையினும் சற்றுப் பெரிய மாதிரி ஒன்றைப் பின்னி, துவைத்து உலர்த்தி, பிறகு அளந்துபாருங்கள். நோயால் மெலிந்தவருக்குப் பழைய சட்டையின் அளவை நம்பாமல் இன்றைய உடலை அளந்துகொள்ளுங்கள். மீண்டும் உடல் தேறுமென்பதால் சிறிது இடமும் விடுங்கள். நூல் வாங்கும்போது எல்லாப் பந்துகளிலும் ஒரே சாய எண் இருக்கிறதா எனப் பார்ப்பதும் நலம். பிறகு வாங்கிச் சேர்த்த பந்து கைப்பகுதியில் வேறு நிறமாகத் தெரியும்.

வார்டில் பின்னுவோர் மூங்கில் ஊசியைக் கொண்டுவந்தால் இரவில் ஒலி எழாது. கீழே விழுந்து காலில் ஏறாதபடி மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் நூல்பையை எடுத்துச் செல்ல வேண்டா. முழுச் சட்டைக்குப் பொறுமை இல்லாதவர்கள் குரோஷே ஊசியால் சதுரங்கள் பின்னலாம். சென்னையில் 2016 சனவரி 31 அன்று ‘மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்’ குழுவினர் தனித்தனியே பின்னியவற்றை இணைத்து 11,148.5 சதுர மீட்டர் போர்வையாக விரித்துக் கின்னஸ் சாதனை படைத்தனர். நம் வார்டில் நான்கு பேர் சேர்ந்தால் ஒரு முழங்கால் போர்வை ஆகாதா?

என் நீல ஸ்வெட்டரைப் பிரித்துவிட்டேன். பின்னலில் உள்ள வசதி அது. பிரித்த நூல் வீணாவதில்லை. இருமும்போது மார்போடு அணைத்துக்கொள்ளத் தந்தையாருக்குச் சிறு தலையணை ஒன்று கொடுத்திருந்தார்கள். அந்நூல் அதற்கு உறையாயிற்று. பிறகு சாம்பல்நிறப் பருத்தி நூலில், ஐந்து பெரிய பட்டன்களுடன் முன்புறம் திறக்கும் சட்டை ஒன்று பின்னினேன். கார்த்திகை பிறக்கையில் முடிந்தது. மார்கழி விடியலில் வாலீசுவரர் கோயிலுக்கு அதை அணிந்துதான் நடந்து போனார். கழுத்துப் பட்டனை மட்டும் ஒருநாளும் போட்டதில்லை.