பாராபுல்லா ஏறும் முன்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு லோதி ரோடு வேறு ஊர் மாதிரி இருக்கும். லோதி தோட்டத்துக்கு நடக்கப் போகிறவர்கள், சாய்பாபா கோயில் பக்கம் பூ விற்பவர்கள், ஒன்றிரண்டு ஆட்டோக்கள், அவ்வளவுதான். என் அக்கா மகன் தன் 150 சிசி பைக்கை அந்த நேரத்தில்தான் எடுத்து வந்தான். திருநெல்வேலியில் நான்கு வருஷம் வண்டி ஓட்டியவன். இப்போது நொய்டாவில் வேலை, லோதி காலனியில் வாடகை அறை. "வண்டி நல்லா ஓட்டுவேன் மாமா. அந்தப் பாலத்துல ஏறத்தான் பயமா இருக்கு" என்றான். அவன் சொன்னது பாராபுல்லா மேம்பாலத்தை. அது நியாயமான பயம். டெல்லிக்கு வந்து புதிதாக வண்டி எடுக்கும் நம் பிள்ளைகள் பலருக்கும் அந்தப் பயம் இருக்கிறது. இல்லாதவர்களைப் பார்த்தால்தான் எனக்குக் கவலையாக இருக்கிறது.

ஜவஹர்லால் நேரு ஸ்டேடியத்தையும் சராய் காலே கானையும் இணைக்கும் இந்த உயர்த்தப்பட்ட சாலை 2010 காமன்வெல்த் போட்டிக்காகக் கட்டப்பட்டது. விளையாட்டு வீரர்களின் பேருந்துகள் எங்கும் நிற்காமல் ஸ்டேடியம் வந்து சேர வேண்டும் என்பது திட்டம். 2018இல் ஐ.என்.ஏ. வரை நீட்டினார்கள். ஜஹாங்கீர் காலத்தில் பன்னிரண்டு தூண் வைத்துக் கட்டிய பழைய பாலம் ஒன்று அருகில் இருக்கிறது. அதன் பெயர்தான் கீழே ஓடும் கால்வாய்க்கும் மேலே ஓடும் சாலைக்கும்.

மேலே ஏறிவிட்டால் சிக்னல் கிடையாது, குறுக்குத்தெரு கிடையாது, மாடு கிடையாது. ஊருக்குள் ஓட்டிப் பழகியவனுக்கு இது பெரிய வரமாகத் தெரியும். ஆனால் ஊருக்குள் அவனைக் காப்பாற்றி வந்ததே அந்தத் தடைகள்தான். சிக்னலும் குழியும் மாடும் சேர்ந்து எல்லா வண்டியையும் முப்பது நாற்பதிலேயே பிடித்து வைத்திருந்தன. அந்த வேகத்தில் ஒரு தப்பு செய்தால் முட்டி உரசும். எண்பதில் அதே தப்புக்கு விலை வேறு.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்குப்படி நாடு முழுவதும் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 44.5 சதவீதம் பேர் இருசக்கர வண்டியில் போனவர்கள். விரைவுச்சாலைகளையும் சேர்த்து தேசிய நெடுஞ்சாலைகளில் மட்டும் 61,038 உயிர்கள் போயின. ஹெல்மெட் அணியாமல் இறந்தவர்கள் 50,029 பேர். அவர்களில் 14,337 பேர் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தவர்கள்.

அக்கா மகனிடம் நான் முதலில் கேட்டது, எந்தச் சாலையில் பைக் போகலாம் என்று தெரியுமா என்பதுதான். தெரியவில்லை. சராய் காலே கானில் இறங்கி நிஜாமுதீன் பாலம் பக்கம் போனால் டெல்லி–மீரட் விரைவுச்சாலை தொடங்குகிறது. அங்கே மொத்தம் 14 லேன். நடுவில் உள்ள 6 லேன்தான் விரைவுச்சாலை, அதில் இருசக்கர வண்டிக்குத் தடை. இரண்டு ஓரமும் நான்கு நான்காக இருக்கும் நெடுஞ்சாலை லேன்களில்தான் நாம் போக வேண்டும். போர்டைப் பார்க்காமல் முன்னால் போகிற காரைப் பின்தொடர்ந்தால் நடு லேனுக்குள் போய்விடுவோம். பிறகு திரும்பி வரவும் வழி இருக்காது. மும்பை–புணே விரைவுச்சாலையிலும் பைக்குக்கு அனுமதி இல்லை. பெங்களூரு–மைசூரு சாலையின் நடு லேன்களில் 2023 ஆகஸ்ட் 1 முதல் தடுத்துவிட்டார்கள். இந்தத் தடையை எதிர்க்கும் பைக் ஓட்டிகளின் வாதத்திலும் நியாயம் உண்டு. சர்வீஸ் ரோட்டைக் குண்டும் குழியுமாக வைத்துக்கொண்டு அங்கே போ என்று தள்ளுவது பாதுகாப்பு ஆகாது. ஆனால் சாலையோரம் நல்ல நிலையில் இருக்கும் இடத்தில் நூறில் வரும் கார்களோடு கலக்காமல் இருப்பது நமக்குத்தான் லாபம். அனுமதி உள்ள இடத்திலும் மத்திய அரசின் 2018 அறிவிக்கைப்படி விரைவுச்சாலையில் பைக்குக்கு உச்சவரம்பு 80. போலீஸ் அதைவிடக் குறைத்து போர்டு வைத்திருந்தால் அந்தப் போர்டுதான் கணக்கு.

மேம்பாலத்தில் அவனுக்கு நான் கற்றுக்கொடுக்க நினைத்தது ஒன்றே ஒன்று. காரில் போகிறவனைச் சுற்றித் தகரமும் காற்றுப்பையும் இருக்கின்றன. பைக்கில் போகிறவனைச் சுற்றி வெற்றிடம் மட்டும்தான். அந்த வெற்றிடத்தை அவனே உண்டாக்கிக்கொள்ள வேண்டும், நொடிக்கு நொடி காத்துக்கொள்ளவும் வேண்டும்.

80இல் போகும்போது ஒரு நொடியில் 22 மீட்டர் கடக்கிறோம். முன்னால் ஏதோ நடக்கிறது என்று மூளைக்கு எட்டிக் கை பிரேக்குக்குப் போக ஒரு நொடி. அதற்குப் பிறகு காய்ந்த ரோட்டில் நன்றாகப் பிரேக் பிடித்தாலும் இன்னொரு 36 மீட்டர் ஓடித்தான் வண்டி நிற்கும். ஆக மொத்தம் 58 மீட்டர். இதே கணக்கு 40இல் போனால் 20 மீட்டரில் முடிந்துவிடும். வேகம் இரண்டு மடங்கானால் நிற்கும் தூரம் ஏறக்குறைய மூன்று மடங்காகிவிடுகிறது. பிரேக் பிடித்த பிறகு ஓடும் தூரத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் நான்கு மடங்கு.

மீட்டரை ரோட்டில் யாரும் அளக்க முடியாது. அதற்கு ஒரு வழி இருக்கிறது. முன்னால் போகும் கார் ஒரு விளக்குக் கம்பத்தைத் தாண்டியதும் 'ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு, ஆயிரத்து மூன்று' என்று எண்ண வேண்டும். மூன்றைச் சொல்லி முடிக்கும் முன் அந்தக் கம்பம் நமக்கு வந்துவிட்டால் நெருங்கிப் போகிறோம் என்று அர்த்தம். மழையில் நான்கு, ஐந்து வரை எண்ணலாம்.

"இடைவெளி விட்டா இன்னொருத்தன் புகுந்துடுறானே மாமா" என்றான். புகுவான். டெல்லியில் கட்டாயம் புகுவான். புகட்டும், ஆக்சிலேட்டரை லேசாக விட்டு மறுபடி மூன்று நொடி எடுத்துக்கொள். ஒருவன் புகுந்தால் நமக்கு நஷ்டம் மூன்று நொடிக்குள். லோதி ரோட்டிலிருந்து நொய்டா போவதற்குள் இருபது பேர் புகுந்தாலும் ஒரு நிமிஷம்தான் தாமதம்.

பாலத்தில் ஏறும் சரிவில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். மேலே வேகமாகப் போகும் வண்டிகளைப் பார்த்ததும் சரிவின் முடிவில் நின்றுவிடுகிறார்கள். பின்னால் ஏறி வருகிறவன் நேராக வந்து முதுகில் இடிக்கிறான். சரிவு இருப்பதே வேகம் எடுத்துக்கொள்ளத்தான். பாதியிலேயே இண்டிகேட்டர் போட்டு, கண்ணாடியைப் பார்த்து, சரியான கியரில் மேலே போகும் வண்டிகளின் வேகத்துக்கு ஏறக்குறைய வந்துவிட வேண்டும். கண்ணாடியில் தெரியாத ஒரு மூலை எல்லா வண்டிக்கும் உண்டு. கலப்பதற்கு முன் ஒரு கணம் தலையைத் திருப்பித் தோளுக்கு மேலே பார்த்தால்தான் அது தெரியும். என் அக்கா மகன் அதை மட்டும் பத்துத் தடவை மறந்தான். வண்டியை ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, உட்கார்ந்தபடியே இண்டிகேட்டர், கண்ணாடி, தோள் என்று சொல்லிச் சொல்லிப் பழகின பிறகு வந்தது.

இரண்டாவது குறை அவன் கையில். வேகம் கூடக் கூட ஹேண்டிலை இறுக்கிப் பிடித்தான். காற்று அடித்தால் உடம்பு ஆடும், உடம்பு ஆடினால் இறுகிய கை ஹேண்டிலை ஆட்டும், வண்டி அலையும். டாங்கை இரண்டு முட்டியாலும் கவ்விக்கொண்டு முழங்கையைத் தளர்த்திவிட்டால் வண்டி தானாக நேராக ஓடும். லாரியையோ பஸ்ஸையோ தாண்டும்போது காற்றின் தள்ளல் சட்டென்று மாறும். அதை எதிர்பார்த்துப் போனால் பயம் வராது. லாரிக்குப் பக்கவாட்டில் கூடவே ஓடுவதுதான் கூடாது. டிரைவர் கண்ணுக்கு நீ தெரியவே மாட்டாய். இடம் பார்த்து முழுசாகத் தாண்டு, முடியாவிட்டால் நன்றாகப் பின்தங்கு.

'முன்பிரேக்கைப் பிடித்தால் தூக்கி எறிந்துவிடும்' என்று நம்மூரில் சொல்லிச் சொல்லியே வளர்க்கிறார்கள். ஒரேயடியாகப் பிடித்தால் எறியும்தான். ஆனால் பிரேக் பிடித்ததும் பாரம் முன்சக்கரத்துக்கு வருகிறது, வண்டியை நிறுத்தும் வேலையில் பெரும்பகுதியை அதுதான் செய்கிறது. பின்பிரேக்கை மட்டும் நம்பினால் அந்த 36 மீட்டர் எங்கேயோ போய்விடும். இரண்டையும் சேர்த்து, முன்பிரேக்கை நனைந்த துணியைப் பிழிவதுபோலப் படிப்படியாக அழுத்த வேண்டும். 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டி எல்லாவற்றிலும் ஏபிஎஸ் கட்டாயம். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் அது பார்த்துக்கொள்ளும். பழைய வண்டி வாங்குகிறவர்கள் அது இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

மெதுவாகப் போகிறவர்கள் இடதுபக்கம் போக வேண்டும் என்பது விதி, புதியவர்களுக்கு அதுதான் இடம். ஆனால் நம் நாட்டில் இடது ஓரம் வெறும் ஓரமாக இருப்பதில்லை. பழுதாகி நிற்கும் லாரி, எதிர்த்திசையில் வரும் பைக், காற்று ஒதுக்கிவிட்ட மணல் எல்லாம் அங்கேதான். அதனால் சுவரை ஒட்டிப் போகாமல் இடது லேனின் நடுவில் போகச் சொன்னேன். பாலத்தில் இரும்பு இணைப்புகள் வரும் இடத்தில், அதுவும் மழையில், பிரேக் பிடிக்காமல் நேராகக் கடக்க வேண்டும்.

டெல்லிக்கென்றே இன்னொரு ஆபத்து இருக்கிறது. சுதந்திர தினத்தை ஒட்டி இந்த ஊரே மொட்டைமாடியில் நின்று பட்டம் விடும். அறுந்த மாஞ்சா நூல் மேம்பாலங்களின் குறுக்கே வந்து விழும். கண்ணாடித்தூள் பூசிய நைலான் நூல் கண்ணுக்கே தெரியாது, கழுத்தை அறுத்துவிடும். டெல்லி அரசு 2017 ஜனவரியில் இதைத் தடை செய்தது. அதே ஆண்டு ஜூலையில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும் நாடு முழுவதற்கும் தடை போட்டது. அதற்குப் பிறகும் ஒவ்வொரு ஆகஸ்டிலும் கழுத்து அறுபட்ட செய்தி வந்துகொண்டே இருக்கிறது. ஜூலை கடைசியிலிருந்து அவனைக் கழுத்தைச் சுற்றித் தடித்த துணி கட்டாமல் பாலம் ஏற விடுவதில்லை. ஹெல்மெட்டின் முகக்கண்ணாடியும் இறக்கியே இருக்க வேண்டும். அந்த ஹெல்மெட்டும் தாடையை மூடும் முழு ஹெல்மெட்டாக, ஐஎஸ்ஐ முத்திரையோடு இருக்க வேண்டும். வாரை மாட்டிவிட்டுத் தலையை வேகமாக ஆட்டிப் பார்த்தால் ஹெல்மெட் தனியாக ஆடக் கூடாது.

லோதி ரோட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. பழகுவதற்கான சாலைகள் படிப்படியாக வாசலிலிருந்தே தொடங்குகின்றன. முதல் சில வாரம் ஞாயிறு காலையில் பாராபுல்லா மட்டும், போய்த் திரும்பி வர வேண்டியது. அது பழகியதும் ரிங் ரோடு வழியாக டிஎன்டி. யமுனையைத் தாண்டி நொய்டா போகும் அந்தச் சாலை 2001இல் திறந்தது, 2016 முதல் சுங்கமும் இல்லை. அடுத்தது நொய்டா–கிரேட்டர் நொய்டா விரைவுச்சாலை. கடைசியில்தான் ஆக்ரா வரை 165 கிலோமீட்டர் ஓடும் யமுனா விரைவுச்சாலை. சுங்கம் கட்டினால் பைக்கை விடுகிறார்கள், ஆனால் புதியவர்கள் அவசரப்பட வேண்டாம். கான்கிரீட் ரோடு. மே மாத வெயிலில் சூடேறும்போது தேய்ந்த டயர், காற்று குறைந்த டயர் வெடிக்கும். காற்றழுத்தத்தைக் காலையில் கிளம்பும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போதே பார்த்துவிட வேண்டும். டிசம்பர், ஜனவரி பனிமூட்டத்தில் அந்தப் பக்கமே போகாதீர்கள். அங்கே குளிர்காலத்தில் வேக வரம்பையே குறைத்துவிடுகிறார்கள். முன்னால் நிற்கும் வண்டி தெரியாத அளவுக்கு இறங்கிவிடும் பனியில் மூன்று நொடிக் கணக்கெல்லாம் உதவாது.

முதல் ஞாயிறு அவன் பாலத்தைச் சுற்றி வந்து இறங்கியதும் டீ வாங்கிக்கொடுத்தேன். கை நடுங்கிக்கொண்டிருந்தது. "ரஹீம் சமாதி தெரிஞ்சுதா?" என்று கேட்டேன். அக்பர் சபையில் இருந்த கவிஞர் கான்-இ-கானானின் சமாதி அது. பாலத்தில் போகும்போது அந்தப் பெரிய குவிமாடம் நன்றாகத் தெரியும்.

"எது மாமா? நான் முன்னாடி போற கார் லைட்டைத்தான் பார்த்துட்டே இருந்தேன்" என்றான்.

நான்காவது ஞாயிறு நான் கேட்கவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே அவனாகச் சொன்னான்: "அந்தக் குவிமாடத்துமேல நிறைய புறா மாமா."