'எல்லாரும்தானே குடிக்கிறாங்க?' - கணக்கு சொல்வது வேற!

தமிழ்நாட்டில் மது வாங்க வயது 21. புதுச்சேரியில் 18 போதும். ஆக, உழவர்கரை கல்லூரி மாணவருக்கு முதல் வருஷமே கடைக் கதவு திறந்துவிடுகிறது. கூடவே, 'எல்லாரும்தானே குடிக்கிறாங்க' என்ற நினைப்பு. உண்மையா? 2019-ல் வெளியான மத்திய அரசின் ஆய்வுப்படி, 10 முதல் 75 வயது வரையிலான ஆண்களிலேயே குடிப்பவர்கள் 27.3% தான்.

இந்தத் தப்புக்கணக்கை உடைப்பதுதான் 'தனிநபர் பின்னூட்டம்'. உலக சுகாதார நிறுவனத்தின் 'ஆடிட்' படிவத்தில் 10 கேள்விகள். 40-க்கு 8 வந்தாலே எச்சரிக்கை. நீங்க எவ்வளவு குடிக்கிறீங்க, சக மாணவர்கள் நிஜமாகவே எவ்வளவு, மாசம் எவ்வளவு காசு போகுது என்று உங்க கணக்கை உங்களிடமே காட்டுவார்கள். அட்வைஸ் கிடையாது, முடிவு உங்களுடையது.

இதனால் குடி குறைவது கொஞ்சம்தான். ஆனால், அடிமையாகும் முன்பே யோசிக்க வைக்கிறது. நிறுத்த முடியாமல் தவிப்பவருக்கு இது போதாது, சிகிச்சை தேவை. 14416-க்கு அழைக்கலாம். இலவசம்.