கவாய் தீவில் பிறந்த 698 பேர்

ஹவாய்த் தீவுக்கூட்டத்தைச் சேர்ந்த கவாயில் 1955-ஆம் ஆண்டு பிறந்த 698 குழந்தைகளை உளவியலாளர் எம்மி வெர்னரின் குழு நாற்பது ஆண்டுகள் கவனித்துவந்தது. தாய்மார் கருவுற்றிருந்தபோதே குறிப்பெடுக்கத் தொடங்கினார்கள். அதன்பின் 1, 2, 10, 18, 32, 40 வயதுகளில் தேடிப்போய்ப் பார்த்தார்கள். குடும்பங்கள் பல, கரும்பு, அன்னாசித் தோட்ட வேலையை நம்பியிருந்தவை.

ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக் குழந்தைகளுக்குத் தொடக்கமே பாதகமாக அமைந்தது: வறுமை, சிக்கலான பிரசவம், வீட்டில் ஓயாத சண்டை, குடிப்பழக்கமோ மனநோயோ உள்ள பெற்றோர். இரண்டு வயதுக்குள் இப்படி நான்கோ அதற்கு மேலோ சேர்ந்துகொண்ட பிள்ளைகளில் மூன்றில் இரண்டு பங்கினர், 18 வயதுக்குள் படிப்பிலோ நடத்தையிலோ மனநலத்திலோ தடுமாறினார்கள். ஆனால் 72 பேர் நன்றாக வளர்ந்து, பிறர்மேல் அக்கறையுள்ள பெரியவர்களானார்கள். அவர்களுக்கு வாய்த்தது என்ன? சிலருக்கு எளிதில் பழகும் சுபாவம் இயல்பாகவே இருந்தது. அதோடு, பாட்டி, அத்தை, அக்கா, டீச்சர் என்று யாராவது ஒருவரின் மாறாத அன்பு கிடைத்தது.

இந்த 72 பேரைப் பற்றித்தான் அதிகம் எழுதுகிறார்கள். எனக்கு மற்றவர்களின் கதைதான் பெரிதாகப் படுகிறது. பதின்வயதில் குற்றவழக்கில் சிக்கியவர்களில் பெரும்பாலோர் நடுவயதில் குற்றவாளிகளாக இல்லை. சிறுவயதிலேயே தாயான பெண்களில் பெரும்பாலோர் படிப்பைத் தொடர்ந்தார்கள், வேலையில் முன்னேறினார்கள். திருப்பம் 20, 30 வயதுகளில் வந்தது. சமுதாயக் கல்லூரி, ராணுவச் சேவை, நிலையான மணவாழ்க்கை, கைகொடுத்த மதச் சமூகம், சிலருக்கு உயிருக்கே ஆபத்தான நோயிலிருந்து மீண்ட அனுபவம் எனக் காரணங்கள் பல.

ஆயுள் முழுவதும் மனிதன் வளர்கிறான் என்று ஜெர்மன் உளவியலாளர் பால் பால்டஸ் 1980-களில் வாதிட்டது இதைத்தான். எந்த வயதிலும் வரவும் இழப்பும் சேர்ந்தே நடக்கின்றன. நடுவயதில் மூளையின் வேகம் குறைந்தாலும் சொல்வளம் கூடிக்கொண்டே போகிறது. முதல் சில ஆண்டுகள் முக்கியமானவை; அதில் சந்தேகமில்லை. ஆனால் அவையே முழுத் தீர்ப்பு என்பது தவறு.

பத்தாம் வகுப்பில் தோற்ற பையனையும், படிப்பைப் பாதியில் விட்ட பெண்ணையும் ‘இனி தேறாது’ என்று கைகழுவிவிடாதீர்கள். முப்பது வயதில் ஒருவர் மறுபடி படிக்க வந்தால் இடம் கொடுங்கள்.