லயன் அடுப்படியும் சுவாச நோய்களும்: ஊவாத் தோட்டங்கள் குறித்து ஒரு நோக்கு

காற்று மாசடைதல் என்றதும் ஆலைகளும் வாகனங்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. பசறை, லுணுகலை, அப்புத்தளை ஆகிய மலைப்பகுதிகளின் காற்றுத் தூய்மையானது என்பதும் பொதுவான எண்ணமாகும். ஆயின் அங்குள்ள தோட்டப் பெண் தன் வாழ்நாளில் மிகுதியான புகையை உள்வாங்குமிடம் அவளது அடுப்படியேயாகும்.

பிரித்தானியர் காலத்து லயன்கள் உழைப்பாளரைத் தோட்டத்திலேயே தங்கவைக்கும் நோக்குடன் எழுந்தவை. ஏறத்தாழப் பத்தடிக்குப் பன்னிரண்டடி கொண்ட காம்பராவும் அதன் முன்னே ஓர் இஸ்தோப்பும் ஒரு குடும்பத்துக்கு உரியன. அடுப்படிக்கெனத் தனியிடம் இன்மையால் இஸ்தோப்பின் ஒரு பகுதியே மறைக்கப்பட்டு அடுப்படியாயிற்று. முதுகொட்டிக் கட்டப்பட்ட இரட்டை லயன்களிற் பின்புறச் சாளரத்துக்கும் இடமில்லை.

எரிபொருள் கவ்வாத்து மிலாறும் மரவிறகுமாகும். பதுளையில் ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான மழைக்காலத்தில் விறகு ஈரமாகின்றது. குளிருக்காகக் கதவும் சாத்தப்படுகின்றது. ஈரவிறகின் வெப்பத்தில் ஒரு பகுதி நீரை ஆவியாக்குவதிற் செலவாவதால் தகனம் முற்றுப்பெறுவதில்லை. அதன் விளைவாக இரு நச்சுகள் தோன்றுகின்றன. 2.5 மைக்கிரோமீற்றருக்கும் குறைந்த நுண்துகள்கள் நுரையீரலின் சிற்றறைகள்வரை சென்று படிகின்றன. காபனோரொட்சைட்டோ ஈமோகுளோபினுடன் ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான வலுவுடன் பிணைகின்றது. குருதிச்சோகையுற்ற கர்ப்பிணிக்கு இஃது இரட்டைச் சுமையாகும். எடை குறைந்த பிறப்புக்கும் புகைக்கும் தொடர்புண்டு.

காற்றோட்டமற்ற இல்லங்களில் நுண்துகளளவு ஏற்கத்தக்க அளவின் நூறு மடங்கை எட்டலாமென உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. வீட்டுப் புகையினால் 2020இல் உலகில் 32 இலட்சம் பேர் மாண்டனர் என்பது அதன் மதிப்பீடு. குழந்தைகளின் நியூமோனியா, நாட்பட்ட சுவாச அடைப்பு நோய், இதயநோய், பக்கவாதம், நுரையீரற் புற்றுநோய் என்பன இவ்விறப்புகளுக்கான காரணங்களாம். தாக்கம் புகையின் செறிவை மட்டுமன்றி, அதனுள் கழியும் நேரத்தையும் பொறுத்தது. விடியுமுன் சமைத்துக் கொழுந்தெடுக்கச் சென்று, மாலையில் மீண்டும் அடுப்பின் முன் அமரும் பெண்ணும் அவள் மடியிலுள்ள குழந்தையுமே இதனாற் பெரிதும் பாதிக்கப்படுகின்றனர்.

இந்நோய்களுக்குத் தொழிலாளரின் 'பழக்கவழக்கமே' காரணம் எனும் கூற்று புதிதன்று. குருதிச்சோகைக்குக் காரணமான கொழுக்கிப்புழுவை ஒழிக்க 1916இல் மாத்தளைத் தோட்டங்களில் ரொக்பெல்லர் மன்றம் இயக்கமொன்றைத் தொடங்கியது. மருந்தூட்டப்பட்டோர், போதிய மலசலகூடங்களில்லாத அதே மண்ணில் வெறுங்காலுடன் நடந்து மீண்டும் நோயுற்றனர். சூழலை மாற்றாத மருத்துவம் நிலைப்பதில்லை என்பதே அதன் படிப்பினை.

விறகும் விருப்பத்தாற் கொள்ளப்படுவதன்று. 2022இல் எரிவாயு தட்டுப்பாடானபோது நகரத்தாரும் விறகடுப்புக்குத் திரும்பினர். விலையும் கிடைப்பனவுமே எரிபொருளைத் தீர்மானிக்கின்றன. அவ்வாறே, புகைபோக்கி அமைக்கச் சுவரை உடைக்கும் உரிமை லயன்வாசிக்கு இல்லை. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 முதல் அவற்றின் முகாமை கம்பெனிகளிடம் சென்றது. லயன்வாசிக்கு வீட்டின்மீது உரிமை மட்டும் அம்மாற்றங்களால் வரவில்லை.

புகைபோக்கியுடன் கூடிய அடுப்பும், உலர்விறகுக் கொட்டிலும், தனித்த சமையலறையும் உடனடித் தேவைகளாகும். எனினும் தாம் வாழும் வீட்டைத் தாமே திருத்திக்கொள்ளும் உரிமை அம்மக்களுக்குக் கிட்டும்வரை இவை பிறர் அளிக்கும் சலுகைகளாகவே இருக்கும். எனவே ஊவாத் தோட்டங்களின் சுவாச நோய்கள் மருத்துவப் பிரச்சினையாக இருக்குமளவுக்குக் காணி, வீட்டுரிமைப் பிரச்சினையாகவும் உள்ளன.