பாலைவனத்தைக் கடக்க ஒரு பேப்பர், ஒரு பென்சில்



கரடுமுரடான காட்டிலும் மணலிலும் ஜீப் ஓட்டும் படங்களை நாம் எல்லோரும் வாயைப் பிளந்து பார்த்திருக்கிறோம். புழுதி பறக்கும், வண்டி எகிறிக் குதிக்கும், ஓட்டுகிறவர் கூலிங் கிளாஸோடு சிரிப்பார். "தில்லு இருந்தா போதும்டா" என்று ஹாஸ்டலில் பேசிக்கொள்வோம். ஆனால் கடல் தாண்டிப் போய் அப்படி ஒரு பயணம் செய்கிறவர்களின் பாதி வேலை, சாவியைத் திருப்புவதற்கு முன்பே மேசை மேல் முடிந்துவிடுகிறது. அந்த மேசை வேலை என்ன என்பதை ஆஸ்திரேலியாவின் சிம்ப்சன் பாலைவனத்தை வைத்து விளக்குகிறேன். அதில் பெரும்பகுதி நமக்குத் தெரிந்த பாடம்தான்.

முதலில் இடம்

ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதியில், மூன்று மாநிலப் பகுதிகள் சந்திக்கும் இடத்தில் இருக்கிறது சிம்ப்சன் பாலைவனம். நம் வயலில் பாத்தி கட்டியது போல ஆயிரத்து நூறுக்கு மேற்பட்ட மணல்மேடுகள் வரிசையாக, ஒன்றுக்கொன்று இணையாக, வடக்கு தெற்கு வாக்கில் நீண்டு கிடக்கின்றன. நாம் கடப்பதோ மேற்கிலிருந்து கிழக்கு. அதாவது ஒவ்வொரு மேட்டையும் ஏறி இறங்கியே ஆகவேண்டும். மேடுகளின் மேற்குச் சரிவு சாய்வு குறைந்தது, கிழக்குச் சரிவு செங்குத்து. எனவே பலர் மேற்கிலிருந்து புறப்படுகிறார்கள். எந்தப் பக்கம் ஆரம்பிப்பது என்பதே முதல் திட்டம்! கடைசியாக, பேர்ட்ஸ்வில் என்ற சின்ன ஊருக்கு முன்னால், 'பிக் ரெட்' என்ற சுமார் 40 மீட்டர் உயர மேடு நிற்கிறது.

அந்த மண்ணின் மக்களான வங்கங்குரு இனத்தார், 'மிகிரி' எனப்படும் கையால் தோண்டிய கிணறுகள் எங்கே இருக்கின்றன என்பதை மனப்பாடமாக வைத்துக்கொண்டு இங்கே வாழ்ந்தவர்கள். 1936-ல் டெட் கோல்சன், பீட்டர் எய்ன்ஸ் என்ற பழங்குடித் துணைவரோடு ஒட்டகங்களில் கடந்தார். மோட்டார் வண்டியில் முதலில் கடந்தவர் ரெக் ஸ்பிரிக் என்ற நிலவியலாளர். 1962-ல், மனைவி, இரண்டு பிள்ளைகளோடு, ஒரு நிசான் பேட்ரோலில்! குடும்பத்தோடு போனார் என்றால் எவ்வளவு கணக்குப் போட்டிருப்பார் என்று யோசியுங்கள்.

லோடு கணக்கு

மேற்கே மவுண்ட் டேர் என்ற இடத்தில் டீசல் போட்டால், அடுத்த பங்க் பேர்ட்ஸ்வில்லில்தான். நேர்ப் பாதையில் சுமார் 500 கி.மீ. நடுவில் கடை கிடையாது, ஒர்க்ஷாப் கிடையாது.

தார் ரோட்டில் 100 கி.மீ.க்கு 12 லிட்டர் குடிக்கும் வண்டி, மணலில் 22 லிட்டர் குடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். வழி தவறினாலோ திரும்பி வந்தாலோ என்று 200 கி.மீ. கூடுதல். ஆக 700 கி.மீ.க்கு 154 லிட்டர். டீசலின் அடர்த்தி 0.84 என்றால் எடை சுமார் 130 கிலோ.

தண்ணீர்: குடிக்க, சமைக்க, கழுவ ஆளுக்கு ஒரு நாளைக்கு 10 லிட்டர். இரண்டு பேர், நான்கு நாள் பயணம், வண்டி நின்றுபோனால் என்று மூன்று நாள் கூடுதல். மொத்தம் 140 லிட்டர், அதாவது 140 கிலோ. இதை ஒரே டேங்கில் ஊற்றக்கூடாது. நாலைந்து கேன்களில் பிரிக்கவேண்டும். ஒன்று உடைந்தாலும் மற்றவை இருக்கும்.

ஆட்கள் இருவர் 150 கிலோ. ஸ்டெப்னி இரண்டு 70 கிலோ. ஜாக்கி, ஸ்பேனர் செட், கம்ப்ரசர், மண்வெட்டி, ஃபேன் பெல்ட், ஹோஸ் முதலிய ஸ்பேர்கள் 80 கிலோ. சாப்பாடு, கேஸ், கூடாரம், படுக்கை 90 கிலோ. கூட்டிப் பாருங்கள், 660 கிலோ. காலி வண்டிக்கு மேல் 700 கிலோதான் ஏற்றலாம் என்றால், மிச்சம் வெறும் 40 கிலோ!

என் அப்பா லாரி டிரைவர். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். எங்கள் வீட்டில் பாலிடெக்னிக் வாசல் மிதித்த முதல் ஆள் நான்தான். இந்தக் கணக்கை அவரிடம் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "லோடு ஏத்துறது பெருசில்லடா. ஏத்துன லோடு பட்டையை முறிக்காம போய்ச் சேரணும். பட்டை முறிஞ்சா தண்ணி இருந்தும் பிரயோஜனமில்ல" என்றார். நான் இரண்டு பக்கம் எழுதியதை அவர் இரண்டு வரியில் சொல்லிவிட்டார். பாதுகாப்புக்காக ஏற்றும் ஒவ்வொரு பொருளும் எடைதான். எடை கூடினால் வண்டி மணலில் புதையும், டீசல் அதிகம் குடிக்கும், ஸ்பிரிங் முறியும். குறைத்தாலும் ஆபத்து, கூட்டினாலும் ஆபத்து. இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பதற்குப் பெயர்தான் திட்டமிடல்.

காற்றை இறக்கு!

வண்டி மொத்தம் 2,800 கிலோ என்றால் ஒரு டயருக்கு 700 கிலோ, அதாவது சுமார் 1,540 பவுண்டு. அழுத்தம் = விசை ÷ பரப்பு என்பது பள்ளிக்கூடத்துப் பாடம். டயரில் 36 பவுண்டு காற்று இருந்தால் தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய 43 சதுர அங்குலம். 16 பவுண்டுக்கு இறக்கினால் சுமார் 96 சதுர அங்குலம். டயரின் பக்கச்சுவர் தாங்கும் பங்கை இங்கே விட்டுவிட்டோம், என்றாலும் விஷயம் புரிகிறது. அதே எடை இரண்டு மடங்குக்கு மேல் பரவுகிறது, வண்டி புதையாமல் மிதக்கிறது. டயர் அகலமாவதைவிட நீளவாக்கில்தான் அதிகம் படியும்.

ஆனால் காற்று குறைந்த டயரில் வேகமாகப் போனால் டயர் சூடாகிக் கிழியும். சட்டென்று ஸ்டியரிங் ஒடித்தால் ரிம்மிலிருந்து கழன்றுவிடும். எனவே மணலில் நிதானம். கெட்டித் தரை வந்ததும் மறுபடி காற்று அடிக்கவேண்டும். கம்ப்ரசர் ஏன் லிஸ்டில் இருக்கிறது என்று இப்போது தெரிகிறதல்லவா?

மேட்டில் ஏறும்போது பாதியில் நின்றுவிட்டால், வந்த தடத்திலேயே நேராக ரிவர்ஸில் இறங்கவேண்டும். சரிவில் குறுக்கே திருப்பினால் புவியீர்ப்பு மையம் சக்கரத்துக்கு வெளியே போய் வண்டி உருண்டுவிடும். கனமான சாமான்களைக் கூரை மேல் கட்டாமல், கீழே, இரண்டு அச்சுக்கும் நடுவில் வைக்கச் சொல்வதும் இதற்காகத்தான்.

எதிரே வரும் வண்டி மேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தால் தெரியாது. அதனால் வண்டியின் முன்னால் நீளக் கம்பியில், தரையிலிருந்து சுமார் 3.5 மீட்டர் உயரத்தில் பளிச்சென்ற கொடி கட்டுகிறார்கள். ரேடியோவில் 10-வது சேனலில் "வருகிறேன்" என்று குரல் கொடுக்கிறார்கள்.

காகித வேலை

வெளிநாட்டுக்குச் சொந்த வண்டியைக் கப்பலில் கொண்டுபோக 'கார்னே' என்ற பத்திரம் வேண்டும். வண்டிக்கு பாஸ்போர்ட் மாதிரி. "இதை அங்கே விற்கமாட்டேன், திரும்பக் கொண்டுவருவேன்" என்பதற்குப் பணம் கட்டும் உத்தரவாதம். ஆஸ்திரேலியத் துறைமுகத்தில் வண்டிக்கு அடியில் ஒட்டிய மண்ணையும் புல்விதையையும்கூடச் சோதிப்பார்கள். ஊரிலேயே சேஸிஸ் வரை கழுவிவிடவேண்டும். வாடகை வண்டி என்றால், பாலைவனத்துக்குள் போக ஒப்பந்தம் அனுமதிக்கிறதா என்று எழுத்தில் பார்க்கவேண்டும். நம் லைசென்ஸோடு சர்வதேச டிரைவிங் பெர்மிட்டும் எடுத்துக்கொள்வது நல்லது. அங்கேயும் நம்மைப் போல இடது பக்கம்தான் ஓட்டுவார்கள் என்பது ஒரு ஆறுதல்!

பாலைவனப் பூங்காவுக்குத் தனி அனுமதிச் சீட்டு உண்டு. தெற்கு ஆஸ்திரேலியா பக்கம் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை, கடும் கோடையில், பூங்காவை மூடிவிடுகிறார்கள். அதனால் காலண்டரும் ஒரு கருவிதான்.

கடைசி வரி, முதல் விதி

1963 டிசம்பரில், இந்தப் பாலைவனத்தை ஒட்டிய பேர்ட்ஸ்வில் பாதையில் ஒரு குடும்பத்தின் ஐந்து பேர், பெற்றோரும் மூன்று மகன்களும், இறந்துபோனார்கள். வழி தவறி, எரிபொருள் தீர்ந்து, காரை விட்டு வெளியே நடந்தார்கள். அந்தக் கோடையில் மனித உடல் தாங்கவில்லை. கார் ஆகாயத்திலிருந்து பளிச்சென்று தெரியும், நிழலும் தரும். நடக்கும் மனிதன் தெரியமாட்டான். எனவே விதி இதுதான்: வண்டியை விட்டுப் போகாதே. புறப்படும் நாள், பாதை, போய்ச் சேரும் நாள் மூன்றையும் ஒருவரிடம் எழுதிக் கொடு. குறித்த நாளில் தகவல் வராவிட்டால் போலீசுக்குச் சொல்லவேண்டியது அவர் பொறுப்பு. இன்று செயற்கைக்கோள் போனும் அபாய ஒலிபரப்புக் கருவியும் வந்துவிட்டன. என்றாலும் அந்தக் காகிதத்தின் வேலை குறையவில்லை.

நண்பர்களே, நம்மில் எத்தனை பேர் அந்தச் சிவப்பு மணலை மிதிப்போமோ தெரியாது. ஆனால் நாளைக்கு ஒரு பாய்லரையோ, கிரேனையோ, பஸ்ஸையோ நம்பி நாலு பேர் நிற்கப்போகிறார்கள். "பார்த்துக்கலாம்" என்பது அவர்கள் உயிரை வைத்துச் சொல்லும் வார்த்தை. அதைச் சொல்வதற்கு முன் ஒரு பேப்பரும் பென்சிலும் எடுப்போம். கணக்குப் போட்டுவிட்டு, பிறகு தைரியமாகக் கிளம்புவோம்!