உதவித்தொகை கேட்டு அலைவோருக்கு நம் கடை வழிகாட்டலாம்

கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் சரக்கு வாங்க மட்டும் வருவதில்லை. தபாலைப் படித்துச் சொல்லச் சொல்வார்கள். செல்போனில் வந்த செய்தி என்னவென்று கேட்பார்கள். அப்படிக் கேட்கிறவர்களில் முதியோர் உதவித்தொகைக்கும் விதவை உதவித்தொகைக்கும் அலைகிறவர்கள் நிறைய. தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 1962 முதல் இருந்து வருகிறது. 2023-இல் இது 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆயிற்று. ஒண்டிக்கட்டையான ஒரு கிழவிக்கு இந்தப் பணம்தான் மாத அரிசி, பருப்பு. இருந்தும் எங்கே போய்க் கேட்பது என்று தெரியாமல் தரகரிடம் அகப்பட்டுக்கொள்கிறார்கள்.

மனுவை இ-சேவை மையத்தில் பதிய வேண்டும். ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம், புகைப்படம் போதும். விதவையானால் கணவரின் இறப்புச் சான்றும் வேண்டும். கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரிப்பார்கள். உத்தரவு போடுகிறவர் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர். மையத்தில் வாங்குவது சிறு சேவைக் கட்டணம்தான். அதற்கு மேல் "ஆபீசில் கொடுக்க வேண்டும்" என்று எவர் கேட்டாலும் கொடுக்க வேண்டாமென்று நாம் சொல்லலாம்.

இறப்பை 21 நாட்களுக்குள் பதிந்துவிட்டால் கட்டணமில்லை. ஓராண்டு கடந்தால் நடுவரின் உத்தரவு வரை போக வேண்டிவரும். வாடிக்கையாளர் வீட்டில் துக்கம் நடந்தால், மாலை வாங்கிப் போவதோடு இதையும் காதில் போட்டு வருவது நல்லது.

எங்கள் மண்டியில் பயறு புடைத்துச் சலிக்கும் அம்மாள் ஒருவரின் மனு இரண்டு முறை தள்ளுபடியாயிற்று. காரணம் கேட்டால் "அடுத்த மாதம் வாருங்கள்" என்பதே பதில். கணக்குப்பிள்ளை காகிதங்களை வாங்கிப் பார்த்தார். ஆதாரில் முழுப்பெயர், வங்கிப் புத்தகத்தில் வீட்டில் கூப்பிடும் பெயர்! வங்கியில் ஆதாரைக் காட்டித் திருத்தி, மீண்டும் மனுப் போட்டபின் பணம் வந்தது. சரக்குச் சீட்டையும் பில்லையும் ஒத்துப் பார்க்கிற நமக்கு இது பெரிய வேலையல்ல. பெயர், வயது, முகவரி மூன்றும் எல்லாக் காகிதத்திலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அனுப்பினால் பாதி அலைச்சல் மிச்சம்.

மனு எண்ணை அவர்கள் பற்று நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிக் கொடுங்கள். தள்ளுபடியானால் காரணத்தை எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். பிறகும் நடக்கவில்லையென்றால், திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுக்கலாம். முதல்வர் உதவி மையத்தின் எண் 1100, முதியோருக்கான எண் 14567. நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கும், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் பாராமல் இலவச ஆலோசனை உண்டு, எண் 15100. இந்த மூன்று எண்களையும் ஓர் அட்டையில் எழுதிக் கல்லாவுக்கு மேல் தொங்கவிட ஆகும் செலவு என்ன?

"உனக்கெல்லாம் கிடைக்காது" என்று மட்டும் நாம் தீர்ப்புச் சொல்லக் கூடாது. தகுதியைப் பார்ப்பது வட்டாட்சியர் வேலை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், சிலருக்குக் கசக்கலாம். கடன் பாக்கிக்காக உதவித்தொகைப் புத்தகத்தையும் ஏ.டி.எம். அட்டையையும் வாங்கி வைத்துக்கொள்ளும் வழக்கம் சில கடைகளில் இருக்கிறது. இரகசிய எண்ணையும் கேட்டு வாங்கி, தாங்களே பணம் எடுத்துப் பாக்கியைக் கழிக்கிறார்கள். பாக்கி நியாயமானதாகவே இருக்கட்டும், அந்த அட்டை நம் கல்லாவில் கிடக்கக் கூடாது. நாளை ஒரு வழக்கு வந்தால் சங்கமும் துணை நிற்க முடியாது.

நம்மிடம் மூட்டை தூக்குகிறவர்களை உடலுழைப்புத் தொழிலாளர் நல வாரியத்தில் 60 வயதுக்குள் பதியச் செய்ய வேண்டும், தாண்டினால் சேர்க்கமாட்டார்கள். வேலை செய்கிறார் என்று கையெழுத்துப் போட நம்மில் பலர் தயங்குகிறோம், ஏதோ சொத்தை எழுதிக் கொடுப்பதுபோல! நமக்கென்றே 1989-இல் வணிகர் நல வாரியம் அமைந்தும், அதில் சேராதவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். ஆள் பதியும்போது தாமும் பதிந்துகொள்ளலாம்.